‘ஜாதிகள்’ என்னும் சொல்லும் எல்லா மக்களுக்குமான இறையன்பும்: தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு நோக்கில்

கடவுளின் அன்பு ஒரு நாட்டார்க்கோ ஒரு குலத்தார்க்கோ மட்டும் உரியதன்று. அது மக்கள் அனைவர்க்கும் உரியது என்பது கிறித்தவ இறையியலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. இக்கருத்தை விளக்க முற்படுவோர் பெரும்பாலும் ‘அன்பு’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வர். கிரேக்க மொழியின் ‘அகாப்பே’ எத்தகைய அன்பு, அது காதலினின்றும் நட்பினின்றும் எவ்வாறு வேறுபடுகிறது என்பன பற்றி விரிவாகப் பேசப்பட்டுள்ளது. ‘மக்கள் அனைவரும்’ என்னும் மறுபாதி அத்துணை கவனம் பெறவில்லை. ஆனால் ஒரு மொழியில் ‘அனைவர்’ என்பதன் எல்லையை வரையறுப்பது, அம்மொழியில் மக்கட் கூட்டத்தைக் குறிக்க வழங்கும் சொல்லே. தமிழ்க் கிறித்தவரிடையே நெடுங்காலம் பெருவழக்காய் இருந்துவரும் விவிலியப் பெயர்ப்பில் அச்சொல் ‘ஜாதி’ என்பதாகும். இச்சொல்லால் தமிழ் வாசகர்க்கு எக்கருத்து மறைந்தது, எக்கருத்து மூலத்தைவிடவும் கூர்மையாய் வெளிப்பட்டது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

எபிரேய மூலம்

எபிரேய மொழியில் மக்கட் கூட்டத்தைக் குறிக்க இரு சொற்கள் மிகுதியாக வழங்குகின்றன. ஒன்று ‘அம்’, மற்றொன்று ‘கோய்’. முன்னது உறவுமுறைச் சார்புடையது. ‘என் மக்கள்’ என்று கடவுள் உரிமையோடு சுட்டும் இடங்களில் வருவது. பின்னது அயலாரையும் அவர்தம் அரசுகளையும் சுட்டப் பெரிதும் பயன்படுவது. இது கண்டிப்பான வரையறை அன்று; இஸ்ரவேலரே ‘கோய்’ எனப்படும் இடங்களும் உண்டு. எனினும் வழக்கின் போக்கு இதுவே.

இப்போக்கை மீறும் இடங்களில்தான் பிற மக்கள்மீதான இறையன்பு பற்றிய சிந்தனை பிறக்கிறது. ஆமோஸ் நூலின் 9ஆம் அதிகாரத்தில், எகிப்திலிருந்து இஸ்ரவேலரை மீட்டதைப் போலவே பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவந்தவர் தாமே என்று கடவுள் கூறுகிறார். விடுதலைப் பயணம் ஓர் இனத்தின் தனிச்சொத்து என்னும் எண்ணம் இங்குத் தகர்கிறது. ஏசாயா நூலின் 19ஆம் அதிகார இறுதி இதனினும் துணிவானது. ‘அம்மி’, அதாவது ‘என் மக்கள்’, என்னும் உரிமைச்சொல் அங்கு எகிப்தியருக்கு வழங்கப்படுகிறது. அசீரியர் கடவுளின் கைவேலை எனப்படுகின்றனர். இஸ்ரவேலர் மூன்றாவதாகவே வருகின்றனர். அடிமைப்படுத்தியவனும் படையெடுத்து அழித்தவனும் ஒரே வாழ்த்தில் இடம் பெறுகின்றனர்.

இவ்விடத்தைப் பழைய மொழிபெயர்ப்பாளர்களால் தாங்கிக்கொள்ள இயலவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கி.மு. காலத்திலேயே அலெக்சாந்திரியாவை மையமாகக் கொண்டு உருவான ‘எழுபதின்மர்’ கிரேக்கப் பெயர்ப்பு, எகிப்திலும் அசீரியர் நடுவிலும் இருக்கும் ‘என் மக்கள்’ வாழ்த்தப்பெறுக என்னும் பொருள்பட இத்தொடரை மாற்றியமைத்துவிட்டது. வாழ்த்து எகிப்தியரிடமிருந்து பறிக்கப்பட்டு, அங்குக் குடியேறிய யூதர்க்கு உரியதாகிறது. அரமேய மொழிப் பெயர்ப்பான தர்கூமும் எகிப்திலிருந்து மீட்கப்பட்ட மக்கள் என்றே பொருளைத் திருப்பிக்கொண்டது. பொருள் புரியாமையால் நேர்ந்த மாற்றமாக இதனைக் கொள்ள முடியாது. பொருள் நன்கு புரிந்தமையால் நேர்ந்தது என்பதே பொருத்தமாகும். 1871இல் முழு விவிலியமாக வெளிவந்த தமிழ் ஐக்கியப் பெயர்ப்பு இவ்விடத்தில் எபிரேய மூலத்தையே பின்பற்றி, எகிப்தியரையே கடவுளின் ஜனம் என்கிறது. இது பாராட்டத்தக்கது.

யோனா நூல் இச்சிந்தனையைக் கதையாக்கித் தருகிறது. இன்றைய ஈராக்கில் மோசுல் நகரையொட்டிச் சிதைந்து கிடக்கும் நினிவே, அசீரியப் பேரரசின் தலைநகராய் விளங்கியது. கி.மு. 722 அளவில் வட இஸ்ரவேல் அரசை அழித்த பேரரசு அது. அந்நகருக்குச் சென்று எச்சரிக்குமாறு ஏவப்பட்ட யோனா எதிர்த்திசையில் கப்பலேறுகிறார். அவர் ஓடியது அச்சத்தால் அன்று. கடவுள் இரக்கமுள்ளவர், பகைவரையும் மன்னித்துவிடுவார் என்பது தெரிந்திருந்தமையாலேயே ஓடியதாக 4ஆம் அதிகாரத்தில் அவரே முறையிடுகிறார். மீன் வயிற்றில் மூன்று நாள் இருந்த செய்தியே மக்கள் நினைவில் நிற்கிறது. நூலின் உயிரோ இம்முறையீட்டில் இருக்கிறது.

அவருக்கு நிழல் தந்த செடி ஒரே இரவில் பட்டுப்போகிறது. எபிரேயம் அதனைக் ‘கீக்காயோன்’ என்கிறது. கிரேக்கர் அதனைச் சுரை என்றனர். இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் வேறொரு படர்கொடியின் பெயரை இட்டார். பழகிய சொல் மாறியதைக் கேட்டு வட ஆப்பிரிக்காவின் ஓயா நகரச் சபையில் பெருங்குழப்பம் விளைந்ததாக அகுஸ்தீன் ஜெரோமுக்கு எழுதிய மடலால் அறிகிறோம். தமிழ்ப் பெயர்ப்பாளர்க்கு அத்தொல்லை இல்லை. ஊர்ப்புறங்களில் எங்கும் வளரும் ஆமணக்கு அவர்களுக்குக் கைகொடுத்தது. தான் நட்டு வளர்க்காத ஓர் ஆமணக்குக்காக வருந்தும் மனிதன், இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்களும் திரளான கால்நடைகளும் வாழும் நகருக்காகக் கடவுள் இரங்குவதைப் பொறுக்கமாட்டாதிருப்பது ஏன் என்னும் வினாவோடு நூல் முடிகிறது. யோனாவின் விடை கூறப்படவில்லை.

கிரேக்கச் சொல்லும் ஒரு கல்வெட்டும்

எழுபதின்மர் பெயர்ப்பு ‘அம்’ என்பதற்குப் பெரும்பாலும் ‘லாஒஸ்’ என்றும், ‘கோய்’ என்பதற்கு ‘எத்னோஸ்’ என்றும் சொற்களை அமைத்துக்கொண்டது. புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் இச்சொற்களையே பெற்றனர். ‘எத்னோஸ்’ என்பதன் பன்மையாகிய ‘எத்னே’ சில இடங்களில் ‘எல்லா நாட்டு மக்களும்’ எனவும், சில இடங்களில் ‘யூதரல்லாதார்’ எனவும் பொருள்படும். சொல் ஒன்றே, சூழலே பொருளைப் பிரித்துக்காட்டுகிறது.

அக்காலத்தில் இப்பிரிவு வெறும் சொல்லளவில் நின்றதன்று. எருசலேம் தேவாலய வளாகத்தில் அயலார் வருவதற்கென ஒரு வெளிமுற்றம் இருந்தது. அதனைக் கடந்தால் ஒரு தடுப்புச் சுவர். அச்சுவரில் பதிக்கப்பட்டிருந்த கிரேக்கக் கல்வெட்டு ஒன்றைப் பிரெஞ்சு அறிஞர் கிளெர்மோன் கன்னோ 1871இல் கண்டெடுத்தார். அது இன்று இசுதான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. தடுப்பைக் கடந்து உட்செல்லும் அயலான் தன் சாவுக்குத் தானே பொறுப்பாவான் என்பது அதன் செய்தி. தமிழ் விவிலியம் முழு நூலாக வெளிவந்த ஆண்டும் இக்கல்வெட்டு வெளிப்பட்ட ஆண்டும் ஒன்றாய் அமைந்தது தற்செயலே.

கல்வெட்டில் அயலானைக் குறிக்கும் சொல் ‘அல்லொகெனேஸ்’ என்பது. ‘அல்லொ’ என்பது பிற; ‘கெனோஸ்’ என்பது பிறப்பு, குலம். பிறப்பால் வேறானவன் என்பது பொருள். இச்சொல் புதிய ஏற்பாட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. லூக்கா 17ஆம் அதிகாரத்தில் நலம் பெற்ற தொழுநோயாளர் பதின்மருள் நன்றி கூறத் திரும்பி வந்த ஒரே ஒருவனாகிய சமாரியனை இயேசு அவ்வாறு சுட்டுகிறார். எருசலேமின் சுவர் எவனை உள்ளே விடக்கூடாது என்றதோ, அவனே கடவுளைப் போற்ற வந்தவன் என்னும் முரண் கிரேக்க வாசகர்க்கு உடனே புலப்பட்டிருக்கும். தமிழில் ‘அந்நியன்’ என்னும் பொதுச்சொல்லால் பெயர்க்கப்பட்டமையின் இம்முரண் புலனாவதில்லை. எபேசியர் மடலின் 2ஆம் அதிகாரம் கூறும் ‘நடுச்சுவர்’ இத்தடுப்பையே நினைவூட்டுவதாக அறிஞர் பலர் கருதுவர்.

தமிழில் ‘ஜாதி’

‘ஜாதி’ என்பது பிறத்தலைக் குறிக்கும் ‘ஜன்’ என்னும் வடமொழி வேரினின்றும் வந்தது. இலத்தீன் விவிலியம் ‘எத்னே’ என்பதற்கு ஆளும் ‘கெந்தேஸ்’ என்னும் சொல்லும், ஐரோப்பிய மொழிகளில் நாட்டினத்தைக் குறிக்கும் ‘நாசியோ’ என்பதன் வழிவந்த சொற்களும், மேற்கண்ட ‘கெனோஸ்’ என்பதும் இதே இந்தோ-ஐரோப்பிய மூலவேரினின்று கிளைத்தவை. ஆகவே சொற்பிறப்பியல் நோக்கில் ‘ஜாதி’ என்னும் தேர்வைக் குறைகூற இயலாது.

தமிழிலும் இச்சொல் தொடக்கத்தில் இன்றுள்ள பொருளில் மட்டும் வழங்கவில்லை. தொல்காப்பிய மரபியல் நீர்வாழ் உயிரினங்களைச் சுட்ட இதனை ஆள்கிறது. வகை, இனம், உயர்தரம் என்னும் பொருள்களில் சாதிமுத்து, பெண்சாதி முதலிய வழக்குகள் நிலைத்துள்ளன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூடப் பாரதியார் தமிழ்மக்கள் அனைவரையும் ஓரினமாகக் கொண்டு ‘தமிழச் சாதி’ எனத் தலைப்பிட முடிந்தது. வங்காளத்தில் ஐக்கிய நாடுகள் அவையைக் குறிக்கும் பெயரில் இச்சொல் உள்ளது. தெலுங்கில் ‘தேசிய’ என்னும் பொருளில் ‘ஜாதீய’ என்பர். மத்தேயு 28ஆம் அதிகாரத்தின் இறுதிக் கட்டளையில் மலையாளம், இந்தி, வங்காளம் ஆகிய மொழிகளின் பழைய பெயர்ப்புகளும் இச்சொல்லையே ஆள்கின்றன. தெலுங்குப் பெயர்ப்பு மட்டும், நாட்டினத்தைக் குறிக்க இச்சொல் தன்னிடம் இருந்தும், ‘ஜனர்’ என்பதையே தேர்ந்துகொண்டது வியப்புக்குரியது.

ஐக்கியப் பெயர்ப்பு ‘எத்னோஸ்’ என்னும் ஒரே சொல்லைப் பலவாறு பெயர்த்துள்ளது. மத்தேயு 28ஆம் அதிகாரத்தில் ‘ஜாதிகள்’. உரோமர் 3ஆம் அதிகாரத்தில் ‘புறஜாதிகள்’. மாற்கு 11ஆம் அதிகாரத்தில், எருசலேம் தேவாலயம் எல்லார்க்கும் உரிய வேண்டுதல் வீடு என்னுமிடத்தில், ‘ஜனங்கள்’. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், உணவு உடை பற்றிக் கவலைப்படுவோரைச் சுட்டுமிடத்தில், ‘அஞ்ஞானிகள்’. கலாத்தியர் 3ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தில் இச்சொல் இருமுறை வருகிறது. ஒருமுறை ‘புறஜாதிகள்’, மறுமுறை ‘ஜாதிகள்’. ஆபிரகாமுக்குத் தரப்பட்ட வாக்குறுதி யூதரல்லாதாரையே குறித்தது என்று பவுல் வாதிடும் இடம் அது. சொல் மீண்டும் வருவதே அங்கு வாதத்தின் அச்சாணி. தமிழில் அவ்வச்சாணி தளர்ந்துவிடுகிறது. ‘அஞ்ஞானிகள்’ என்பதோ அறியாமைப் பழியையும் ஏற்றிவிடுகிறது. அன்புக்கு உரியோராய் ஓரிடத்தில் அழைக்கப்பட்டோரே வேறோரிடத்தில் இப்பெயரால் சுட்டப்படுகின்றனர் என்பதைத் தமிழ் மட்டும் அறிந்த வாசகர் உணர வழியில்லை.

யோவான் 3ஆம் அதிகாரத்தில் கடவுளின் அன்புக்கு இலக்காவது ‘உலகம்’. நிகண்டு மரபில் ‘உலகம்’ உயர்ந்தோரைக் குறிக்கும் என்பது தமிழ்ப் புலவர் நன்கறிந்த செய்தி. யோவான் ஆளும் ‘கொஸ்மோஸ்’ கடவுளுக்கு முகம் திருப்பிக்கொண்ட மனிதர் கூட்டத்தையும் உள்ளடக்குவது. உயர்ந்தோரைச் சுட்டிய சொல் தகுதியற்றோரையும் சுட்டும் சொல்லாகக் கிறித்தவத் தமிழில் பொருள் விரிந்தது தனியே ஆராயத்தக்கது.

யோப்பாவும் செசரியாவும்

‘ஜாதி’ என்னும் சொல் மூலத்தை மறைத்த இடங்கள் மேலே கூறப்பட்டன. அது மூலத்தைக் கூர்மையாக்கிய இடம் திருத்தூதர் பணிகள் 10ஆம் அதிகாரம். பேதுரு யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் என்பவனின் கடலோர வீட்டில் தங்கியிருக்கிறார். தோல் பதனிடுதல் யூத மரபில் தாழ்வாகக் கருதப்பட்ட தொழில். உண்ணத்தகாத உயிரினங்கள் நிறைந்த விரிப்பு ஒன்று வானிலிருந்து மும்முறை இறங்குவதாக அவர் காட்சி காண்கிறார். பின்னர்ச் செசரியாவில் உரோமைப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டு வாயிலைத் தாண்டி உள்ளே செல்கிறார். அயலானோடு கலப்பது யூதனுக்குத் தகாது என்பதைக் கூறி, எந்த மனிதனையும் தாழ்த்திக் கூறலாகாது எனக் கடவுள் தமக்குக் காட்டியதாக விளக்குகிறார்.

இங்கு அயலானைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘அல்லொஃபுலொஸ்’. தமிழ் அதனை ‘அந்நிய ஜாதியான்’ என்கிறது. பேதுரு விலக்கும் இழிசொல் ‘கொய்னொஸ்’. இச்சொல்லின் நேர்ப்பொருள் ‘பொதுவானது’ என்பதே. எருசலேம் சபையார் தம் உடைமைகளைப் பொதுவாய் வைத்திருந்தனர் என 2ஆம் அதிகாரம் கூறுமிடத்தில் இதே சொல் ‘பொதுவாய்’ எனச் சரியாகப் பெயர்க்கப்பட்டுள்ளது. தூய்மை வழக்கில் ‘பொது’ என்பது ‘ஒதுக்கி வைக்கப்படாதது, எனவே தூய்மையற்றது’ எனப் பொருள் திரிந்தது. 10ஆம் அதிகாரத்தில் தமிழ்ப் பெயர்ப்பாளர் இதற்குத் ‘தீட்டு’ என்னும் சொல்லை இட்டனர்.

பொருத்தத்தில் இதனை விஞ்சும் சொல் தமிழில் இல்லை. ‘அந்நிய ஜாதியான்’, ‘தீட்டு’ என்னும் இரண்டும் ஒரே வசனத்தில் அமைந்தமையால், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பாலத்தீனக் கடற்கரை நிகழ்ச்சி தமிழ்நாட்டுத் தெருவின் நிகழ்ச்சியாகிவிடுகிறது. ஐரோப்பிய வாசகர்க்கு இவ்வதிகாரம் சமய விரிவின் வரலாறு. தமிழ் வாசகர்க்கோ, யார் வீட்டு வாயிலை யார் மிதிக்கலாம், யார் கையால் யார் உண்ணலாம் என்னும் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா. கடவுளின் அன்பு தொலைதூர நாடுகளைத் தழுவும் என ஒப்புவது எளிது. அடுத்த தெருவைத் தழுவும் என்பதே அரிதாக இருந்தது.

தமிழ்த் திருச்சபை வரலாறு இதற்குச் சான்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு 1714-15இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். ஆயினும் அங்கு எழுந்த சபையில் சாதிவாரியாகப் பிரிந்து அமரும் வழக்கம் நிலைபெற்றது. தஞ்சையிலும் இதுவே நிலை. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை அறவே கைவிடவேண்டுமென ஆணையிட்டார். தஞ்சைக் கிறித்தவருள் ஒரு பகுதியினர் இப்போக்கைக் கடுமையாய் எதிர்த்தனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) அவர்களுக்காக எழுதியவர். விவிலியப் பெயர்ப்பைத் திருத்துதல், சாதிகளை ஒன்றாய் அமரச்செய்தல், மங்கல நிகழ்ச்சிகளில் மலர்களை விலக்குதல், வழிபாட்டில் தமிழிசையை நீக்குதல் ஆகிய நான்கும் மக்கள்மீது இழைக்கப்பட்ட கொடுமைகளாக அவர் தரப்பில் அடுக்கப்பட்டன. இவற்றுள் மலரும் இசையும் பற்றிய முறையீடு பண்பாட்டு உரிமை சார்ந்தது, நியாயமானதும்கூட. சாதி இருக்கை பற்றியதை அவ்வாறு கொள்ளவியலாது. இரண்டும் ஒரே பட்டியலில் இடம்பெற்றமை அக்காலச் சிக்கலைத் தெளிவாக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் இச்சொல் வேறொரு வகையில் விவாதத்துக்கு உள்ளாயிற்று. இந்தியாவில் பிறந்து பணியாற்றிய டொனால்டு மெக்காவரன் 1955இல் ‘கடவுளின் பாலங்கள்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். ‘எத்னே’ என்பதைத் தற்கால அரசுகளாகக் கொள்ளாமல் மக்கட் குழுக்களாகக் கொள்ளவேண்டும், மக்கள் தம் குல எல்லையைக் கடக்க நேராதவாறே கிறித்தவராக விரும்புகின்றனர் என்பது அவர் கொள்கை. கிரேக்கச் சொற்பொருள் பற்றிய அளவில் இதில் உண்மை உண்டு. ஆனால் அதன் வழியே குலத்துக்கொரு சபை என்னும் முடிவுக்குச் செல்வோர், செசரியாவில் பேதுரு மிதித்த வாயிற்படியை மறந்தவராவர். அவ்வழியைக் குறைகூறியோர் பலரும் எபேசியர் மடலின் சுவரையே எடுத்துக்காட்டினர்.

புதிய சொற்கள்

கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘ஜாதி’யைக் கைவிட்டு ‘மக்களினத்தார்’ என்றும் ‘பிற இனத்தார்’ என்றும் ஆண்டது. ‘அஞ்ஞானிகள்’ என்பதும் நீங்கியது. சாதியென மயங்க இடமில்லாமல் மூலப்பொருள் தெளிவுற்றது பெரும் பயனே. கலாத்தியர் மடல் போன்ற இடங்களில், ‘இனம்’ என்னும் பொதுப்பகுதி ‘எத்னோஸ்’ என்பதன் ஒருமையை ஓரளவு மீட்டுத் தருகிறது.

எனினும் ‘இனம்’ என்பதும் வரலாறு அற்ற சொல்லன்று. 1983க்குப் பின் இலங்கைத் தமிழர் காதில் அது எத்தகைய பொருளோடு ஒலிக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. அவ்வாசகர்க்கு ‘பிற இனத்தார்’ என்பது கொர்நேலியுவைவிட அண்மையில் உள்ள ஒருவரையே நினைவூட்டும். யோனாவின் நினிவே அவர்களுக்குத் தொலைவில் இல்லை.

பழைய பெயர்ப்பு இன்றும் சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் வாசிக்கப்படுகிறது. அதில் திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரத்தில், ஏதென்சு நகரின் அரயோப்பாகு மன்றில் பவுல் ஆற்றிய உரை கவனத்திற்குரியது. கடவுள் மக்கள் அனைவரையும் ஒருவழித் தோற்றினார் என்று அவர் கூறுமிடத்தில், பழைய கிரேக்கப் படிகள் சிலவற்றில் ‘இரத்தம்’ என்னும் சொல் இல்லை. பிற்காலப் படிகளில் உண்டு. ஐக்கியப் பெயர்ப்பு பின்னதைத் தழுவி ‘ஒரே இரத்தம்’ என்றது. மனித குலத்துக்கு அது இட்ட பெயர் ‘மனுஷஜாதி’. பிற இடங்களில் பன்மையில் வந்து மக்களைப் பிரித்துக்காட்டிய சொல், அங்கு ஒருமையில் நின்று எல்லாரையும் ஒரே பிறப்பினர் ஆக்குகிறது.